அயல் சபையும் விருந்தினர் பிரசங்கியாரும் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் தேரிக்காட்டுப் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. வருடத்தில் ஒரு ஞாயிறாவது வேறொரு சேகரத்திலிருந்து (சேகரம் என்றால் ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) ஆயரும், அவரோடு ஒரு வேன் நிறைய சபை மக்களும் எங்கள் ஆலயத்துக்கு ஆராதிக்க வருவார்கள். மறு வருடம் நாங்கள் அங்கே போவோம். நான் கமிட்டியில் பல வருடம் இருந்து இந்த ஏற்பாடுகளைப் பார்த்தவன் என்பதால், சுற்று வட்டாரச் சபைக்காரர்கள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சகோதர சபை என்று நோட்டீஸில் போடலாமா? பிரதரன் சபை என்று நினைத்துக்கொள்வார்களே?

நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ‘சகோதரர் சபை’ என்றால் பிரதரன் என்கிற தனிச் சபைப் பிரிவுக்காரர்கள்தான். அதனால் வருகிற சபையின் ஊர்ப் பெயரையே போட்டுவிடுங்கள். ‘இன்ன ஊர்ச் சபையார் நம்மோடு ஆராதிக்கிறார்கள்’ என்று எழுதினால் போதும். ‘சிறப்பு விருந்தினர்களாகக் கலந்துகொள்கிறார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கலந்துகொள்வதற்கு இது ஆண்டு விழா இல்லை. ஆராதிக்கிறார்கள் என்பதுதான் சரியான சொல்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் ஆயரே பிரசங்கம் செய்தால் போதாதா?

வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் ஜெப ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசன ஆகமங்களும் வாசித்து முடிந்ததும், ஆலயத் தலைவர்கள் ஆளனுப்பி, ஜனங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அந்த ஒரு அழைப்பினால்தான் பவுலின் நீண்ட பிரசங்கம் ஒன்று நமக்குக் கிடைத்தது. யாரோ வழிப்போக்கர்கள் என்று விட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையும் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையும் ஒன்றாக வேண்டும் என்று அங்கே அறிக்கை எழுதினார்கள். அந்தக் காலத்தில் ஒரு சபையின் போதகர் இன்னொரு சபையின் பிரசங்க பீடத்தில் நிற்பதும், இரு சபையாரும் ஒரே பந்தியில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் எடுப்பதும் எளிதாக நடக்கிற காரியம் இல்லை. அதற்காகத்தான் அவ்வளவு பேச்சுவார்த்தை. மெத்தடிஸ்டுகளும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். 28 வருடம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

தரங்கம்பாடியில் முன்நின்றவர்களில் ஒருவர் பேராயர் அசரியா. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1945 ஜனவரி 1 அன்று காலமாகிவிட்டார், ஐக்கியத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். இன்று நாம் ஒரு போன் போட்டு இன்னொரு ஆயரைக் கூப்பிட முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் வாழ்நாள் இருக்கிறது.

யார் அழைக்க வேண்டும்? எவ்வளவு நாள் முன்னால்?

சேகர ஆயர்தான் அழைக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் ஆசைப்படலாம், பெயர் சொல்லலாம். ஆனால் பீடம் ஆயருடைய பொறுப்பு. வேறு திருமண்டலம் (வேறு பேராயரின் எல்லை) என்றாலோ, லுத்தரன் போன்ற வேறு திருச்சபை என்றாலோ பேராயர் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இரண்டு மாதம் முன்னால் கேட்பது நல்லது. வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர் சபையில் அந்த ஞாயிறு ஆராதனை நடத்துவது யார் என்று அவரும் பார்க்க வேண்டும் அல்லவா? உபதேசியாரையோ (ஆயருக்கு உதவியாக இருக்கும் சபை ஊழியர்) ஓய்வுபெற்ற ஆயரையோ ஏற்பாடு செய்ய அவருக்கு நாள் வேண்டும். அறுப்பின் பண்டிகை, பிரதிஷ்டைப் பண்டிகை, முகூர்த்தம் குவியும் மாதங்கள் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது ஆளும் வராது, வேனும் கிடைக்காது.

பிரசங்கியாருக்கு முன்கூட்டியே என்னென்ன சொல்ல வேண்டும்?

அன்றைய ஞாயிறின் தலைப்பு, வேத பாடங்கள், திருவிருந்து உண்டா இல்லையா, எத்தனை நிமிடம். நிமிடத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் என்று சொன்னால் நல்ல பிரசங்கியார் யாரும் வருத்தப்பட மாட்டார், தயாரிக்க அது அவருக்கு உதவி. சபை எப்படிப்பட்டது என்றும் சொல்லுங்கள்: வயதானவர்கள் அதிகமா, வாலிபர்கள் அதிகமா, பனைத் தொழில் செய்கிறவர்களா, வெளியூரில் வேலை பார்க்கிறவர்களின் பெற்றோரா.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. சபையில் சமீபத்தில் நடந்த துக்கங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை நாங்கள் சொல்லாமல் விட்டோம். வந்த ஆயர் நன்றாகப் பிரசங்கித்தார். நடுவில் ஓர் உதாரணமாக, பைக் விபத்தில் பிள்ளையை இழந்த ஒரு குடும்பத்தின் கதையை விரிவாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே மாதிரி மகனைப் பறிகொடுத்த தாய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து வெளியே போனார். ஆராதனை முடிந்து விஷயம் தெரிந்ததும் அந்த ஆயர் அவர் வீட்டுக்கே நடந்துபோய், தரையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்தார். தப்பு அவருடையது இல்லை, எங்களுடையது. அன்றிலிருந்து ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுகிறோம்: யார் காலமானார்கள், எந்த வீட்டில் நோய், எந்த இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை.

பெண் ஆயரை அழைக்கலாமா? சிலர் முணுமுணுக்கிறார்கள்.

தாராளமாக அழையுங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்கு ஒரு பெண் பேராயரும் வந்துவிட்டார். முணுமுணுப்பவர்களுக்குத் தனியாக விளக்கக் கூட்டம் எதுவும் வேண்டாம். அவர் பிரசங்கத்தைக் கேட்கட்டும், போதும்.

தமிழ் தெரியாத பிரசங்கியார் வந்தால்?

மொழிபெயர்க்கிறவரை முதலில் பிடியுங்கள், பிறகு பிரசங்கியாரை. ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் எல்லாரும் மொழிபெயர்ப்பாளர் ஆக முடியாது. வேதத்தைத் தமிழில் நன்றாக வாசித்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்குப் பழகிய வசனத்தையே புதிதாக மொழிபெயர்த்துத் திண்டாடுவார். முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடப் பிரசங்கம் நாற்பது நிமிடமாகும் என்பதால் பிரசங்கியாரிடம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஊழியரை அந்த ஞாயிறு பேசச் சொல்லலாமா?

இதில் கவனம் தேவை. சுற்றுலா விசாவில் வந்தவர் ஆலயத்துக்கு வரலாம், ஆராதிக்கலாம். பீடத்தில் ஏறிப் பிரசங்கிப்பது அந்த விசாவில் வராது. ஊழியம் செய்ய வருகிறவர்களுக்கு மிஷனரி விசா என்று தனியாக இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டையோடு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வந்திருந்தாலும், மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2021-ல் வந்த அறிவிப்பு சொல்கிறது. ‘நம்ம பையன்தானே’ என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும்.

பண விஷயமும் அப்படித்தான். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் சபைக்குக் கொடுக்கும் நன்கொடை 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். பதிவோ அனுமதியோ இல்லாத உள்ளூர்ச் சபை அதை வாங்கக் கூடாது. அன்போடு கொடுக்க வருகிறவரிடம் அன்போடு விளக்கி, திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது? முன்வரிசையை ஒதுக்கி வைக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தை நான் எழுதியதே பாதி இந்தக் கேள்விக்காகத்தான்.

முதல் தடவை நாங்கள் முன்னால் ஐந்து வரிசையை ரிப்பன் கட்டி ஒதுக்கினோம். வந்தவர்கள் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் போல வரிசையாக உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் பின்னால் இருந்து அவர்கள் முதுகைப் பார்த்தோம். ஆராதனை முடிந்தது, அவர்கள் சாப்பிட்டார்கள், வேன் ஏறினார்கள். ஒருவர் பெயர்கூட இன்னொருவருக்குத் தெரியாது. வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை மாற்றினோம். வேன் வந்து நின்றதும், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் வாசலில் நின்று ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆண்கள் பக்கத்திலும் அப்படியே. எங்கள் ஊரில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நகரத்துச் சபைகளில் குடும்பமாக உட்கார்ந்து பழகியவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், அப்புறம் சரியாகிவிட்டது. பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து பிடிக்கும்போது பேச்சு தானாக வந்துவிடுகிறது. எந்த ஊர், யார் வீடு, உங்க அம்மா எங்கே கட்டிக்கொடுத்தது என்று ஆரம்பித்தால், பத்தில் இரண்டு பேர் சொந்தமாகவே இருப்பார்கள்.

நம் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கிற ஒழுங்கு இருக்கிறது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் இருந்த வழக்கம் அது. 1950-ல் நம் திருச்சபையின் புதிய ஆராதனை முறையில் சேர்த்தார்கள். கையோடு கை சேர்த்து, வரிசை வரிசையாகக் கடந்துபோகும். இரண்டு சபையும் கலந்து உட்கார்ந்திருந்தால்தான் அந்தச் சமாதானம் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகும்.

இன்னொரு காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற சபையும் நம் சபையும் வேறு வேறு சாதியாக இருக்கும்போது ‘அவர்களுக்குத் தனி வரிசை’ என்பது மரியாதை என்ற பெயரில் பழைய விஷத்தைத் திரும்பக் கொண்டுவரும். தமிழ்ச் சபைகளில் சாதிப்படி பிரித்து உட்கார்ந்த வரலாறு நமக்கு உண்டு. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது, பலர் சபையை விட்டே போனார்கள். யாக்கோபு தம் நிருபத்தில் பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கிறீர்களே என்று கேட்டது நம்மைப் பார்த்துத்தான். ஆகவே கலந்து உட்காருங்கள். யாராவது நகர்ந்து உட்கார்ந்தால், கமிட்டிக்காரர் ஒருவர் போய் அந்த இடத்தில் உட்காரட்டும்.

பொன்னாடை, மாலை, வரவேற்புரை எல்லாம் எப்போது?

ஆராதனைக்கு நடுவில் வேண்டாம். பாவ அறிக்கைக்கும் வேத பாடத்துக்கும் இடையில் ஒருவரைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். போர்த்தப்பட்டவரின் முகத்தில் இருந்த சங்கடத்தையும் பார்த்தேன். அறிவிப்பு நேரத்தில் ஆயர் இரண்டு வாக்கியம் சொல்லி வரவேற்கட்டும், சபையார் எழுந்து நின்று தோத்திரம் சொல்லட்டும். மற்றது எல்லாம் சாப்பாட்டுப் பந்தலில்.

அன்பளிப்பு கொடுக்க வேண்டும் என்றால் நம் மண்ணில் விளைந்ததைக் கொடுங்கள். நாங்கள் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி வைத்துக் கொடுப்போம். தை மாதம் என்றால் பனங்கிழங்குக் கட்டும். பொன்னாடை பீரோவில் போய் அடையும். கருப்பட்டியைக் காப்பியில் போடும்போதெல்லாம் நம் சபையை நினைப்பார்கள், ஐயரம்மா (ஆயரின் மனைவி) நமக்காக ஒரு நிமிடம் ஜெபிப்பார்.

பாட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவர்கள் பாடகர் குழு தனியாகப் பாடலாமா?

ஒரு பாட்டுத் தனியாகப் பாடட்டும், காணிக்கை நேரத்தில். மற்ற எல்லாப் பாட்டும் இரண்டு சபைக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். திருமண்டலத்துக்குத் திருமண்டலம் பாட்டுப் புத்தகத்தின் எண் மாறும். லுத்தரன் சபையார் வந்தால் புத்தகமே வேறு. ஆகவே எண்ணை நம்பாமல் பாட்டு வரிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். ராகத்தையும் விசாரித்துவிடுங்கள். ஒரே கீர்த்தனையை அவர்கள் இழுத்துப் பாட, நாம் வேகமாகப் பாட, ஆர்கன் வாசிக்கிற தம்பி நடுவில் மாட்டிக்கொள்வான். இரண்டு குழுவும் அரை மணி நேரம் முன்னால் வந்து ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்த்தால் போதும்.

திருவிருந்து ஞாயிறில் அழைக்கலாமா?

முடிந்தால் அந்த ஞாயிறிலேயே அழையுங்கள். ஒன்றாக ஆராதித்துவிட்டு அப்பத்தை மட்டும் தனித்தனியாக எடுப்பானேன்? வேறு சி.எஸ்.ஐ. சேகரம் என்றால் எந்தக் கேள்வியும் இல்லை. சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை), கேரளத்து மார்த்தோமா திருச்சபைகளோடும் நமக்கு முழு ஐக்கியம் உண்டு. மற்ற சபை என்றால் ஆயரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஆராதனை நேரத்தில் குழப்பம் வேண்டாம்.

நடைமுறையில் இரண்டு விஷயம். திடப்படுத்தல் பெற்றவர்கள், அதாவது திருவிருந்து எடுக்கிறவர்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு அப்பமும் திராட்சரசமும் தயார் செய்யுங்கள். முழங்கால் படியிடுவதா, நின்று வாங்குவதா, அப்பத்தைத் தோய்ப்பதா, பாத்திரத்தில் குடிப்பதா என்பதை ஆயர் முன்னாலேயே சொல்லிவிட்டால், வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காணிக்கை யாருக்கு? பிரசங்கியாருக்கு என்ன கொடுப்பது?

அன்றைய காணிக்கை வழக்கம்போல் நம் சபைக் கணக்கில் சேரும். வருகிற சபை ஆலயம் கட்டுகிறது, அதற்கு உதவலாம் என்றால், முந்தின ஞாயிறே அறிவித்துவிட்டுத் தனிக் காணிக்கை எடுங்கள், அங்கேயே எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பிரசங்கியாருக்கு வழிச்செலவைக் கவரில் போட்டு, அவர் கிளம்பும்போது தனியாகக் கொடுங்கள். எவ்வளவு என்று அவரிடம் கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் வைக்காதீர்கள். கார் வாடகையை நீங்களே விசாரித்து அதற்கு மேல் கொஞ்சம் வையுங்கள். வேன் வாடகையில் பாதியை நம் சபை ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். ஏழைச் சபை என்றால் முழுவதையும் ஏற்றுக்கொள்வோம்.

சாப்பாடு?

அசனம் (சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் பொது விருந்து) போடுகிற ஊரில் இந்தக் கேள்வியா என்பீர்கள். ஆனால் இங்கேயும் தவறுகிறோம். விருந்தினருக்கு முதல் பந்தி, நம் ஆட்களுக்கு இரண்டாம் பந்தி என்று வைக்காதீர்கள். ஒரு வரிசையில் அவர்களும் நாமும் மாறி மாறி உட்கார வேண்டும். போஜனம் பண்ணக் கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அப்படியே செய்தால் போதும்.

1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகள், சாதி பார்க்காமல் சேர்ந்து சாப்பிடச் சம்மதிக்காதவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். சேர்ந்து சாப்பிடுவது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. அதே மிஷனரிகளின் பரம்பரையில் வந்தவர்களைப் பார்த்துத்தான் 1910-ல் எடின்பரோ மாநாட்டில் அசரியா நின்று, உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை நான் இவ்வளவு பிடிவாதமாகப் பார்ப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

அளவு கேட்கிறவர்களுக்கு: நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, ஆட்டுக்கறி என்றால் அதே அளவு கறி. கறி சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, சாம்பாரைத் தனி அகப்பையோடு வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் பன்னிரண்டரை மணிக்கு மேல் தாங்க மாட்டார்கள். ஆராதனை நீளும் என்று தெரிந்தால் வந்து இறங்கியதுமே காப்பியும் இரண்டு இட்லியும் கொடுத்துவிடுங்கள். திருவிருந்துக்கு முன் சாப்பிடாதவர்கள் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம். வேன் டிரைவரை மறந்துவிடாதீர்கள். அவர் எந்த மதமாக இருந்தாலும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள், பார்சலைக் கையில் கொடுத்து வண்டிக்கு அனுப்பாதீர்கள்.

ஐம்பது பேர் வருவதாகச் சொல்லிப் பதினைந்து பேர் வந்தால்?

பதினைந்து பேரையும் நன்றாகக் கவனியுங்கள். எண்ணிக்கையைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம். மிஞ்சிய சோற்றை ஊரில் வயதானவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பதிலுக்கு நாங்கள் எப்போது போக வேண்டும்?

ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள். போகும்போது முன்பு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களையே முதலில் வேனில் ஏற்றுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆள் இருக்கும். எங்கள் சபையிலிருந்து போன தடவை ஒரு பாட்டி, தனக்குச் சமாதானம் கொடுத்த அக்காவைத் தேடித் தெருத் தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்தார். அந்த அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்து ஆலயத்துக்கு வர முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். நாங்கள் ஆராதனை முடிந்து சாப்பிடப் போகும்போது பாட்டியைக் காணோம். தேடிப் போனால் அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.